கூட்டுக்கு அம்புக்குறி போட்ட பலகையை அகற்றக் கோரி

அனுப்புநர்
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
ஈரநிலத்தின் கிழக்குக் கரையை ஒட்டிய கடைசி வீடு.

பெறுநர்
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
புதிய ஈரநிலப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: ஞாயிறுதோறும் பார்வையாளர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டி நடையின் பாதையை மாற்றுவதும், என் முதல் மனுவுக்குப் பதிலாகத் தாங்கள் நட்ட பலகையை எடுப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காட்டுயிர்களுக்காகத் தாங்கள் உருவாக்கிய ஈரநிலத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் இன்று தண்ணீர் நிற்கிறது, கோரை வளர்ந்திருக்கிறது. பறவைகள் முட்டையிட நடுவில் ஒரு தீவும் கட்டினீர்கள். அதில் இதுவரை காகங்கள் மட்டுமே குடியேறியிருக்கின்றன. ஓர் ஆள்காட்டிக் குருவி இணையோ, பார்வையாளர் காலில் சேறு ஒட்டாதிருக்கத் தாங்கள் சரளைக்கல் பரப்பிய நடைபாதையின் ஓரத்தில் நான்கு முட்டைகள் இட்டது. அந்த இனத்துக்குச் சரளைதான் பிடிக்கும். தங்கள் திட்ட அறிக்கையை அது படித்திருக்க வாய்ப்பில்லை.

2. முட்டைகள் கல்லின் நிறத்தில் இருப்பதால் மிதிபடும், குஞ்சு பொரிக்கும் வரை நடையை மேற்குக் கரை வழியாக விடுங்கள் என்று இம்மாதத் தொடக்கத்தில் மனு கொடுத்தேன். அலுவலகம் உடனே நடவடிக்கை எடுத்தது, அதை நான் மறுக்கவில்லை. முட்டைகளிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குழி தோண்டி, சிமென்ட் போட்டு, "பறவைக் கூடு, தொந்தரவு செய்யாதீர்" என்று பலகை நட்டது. அது போதாதென்று முட்டைகளை நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறியும் வரைந்தது.

3. அதுவரை என்னைத் தவிர யார் கண்ணிலும் படாத கூடு இப்போது நடையின் மூன்றாவது நிறுத்தம். சென்ற ஞாயிறு, செல்பேசியை நீட்டிக் குனிந்த ஒருவரின் செருப்புக்கடியில் ஒரு முட்டை போய்விட்டது. "அய்யய்யோ, கல்லுன்னு நெனச்சேன்" என்றார். அம்புக்குறியைப் பார்த்துத்தான் குனிந்தார். மீதி மூன்று.

4. வெயில் ஏறினால் அந்தப் பறவை தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டைகளின் மேல் அமர்ந்து குளிர்விக்கும். கூட்டம் கலையும் வரை கிட்ட வர முடியாமல் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றுகிறது. வழிகாட்டியின் கையில் தாங்கள் கொடுத்திருக்கும் அட்டையில், "இப்பறவை குரலெழுப்பி உங்களை வரவேற்கிறது" என்றிருக்கிறது. கேட்காமல் இருபது பேர் என் வீட்டுக்குள் நுழைந்து பேரப்பிள்ளையின் தொட்டிலைச் சூழ்ந்து நின்றால் நானும் இதே ராகத்தில்தான் வரவேற்பேன்.

5. அந்த வழிகாட்டி என் மகளின் கணவர். இதைச் சொந்தப் பகை என்று தள்ளிவிட வேண்டாம். பகையென்றால் மனு எதற்கு, சாப்பாட்டு மேசையிலேயே முடித்திருப்பேன். அவரைக் கேட்டதற்கு, "மாமா, அட்டையில இல்லாத ஒரு வார்த்தை பேசினாலே ஆபீஸ்ல விளக்கம் கேப்பாங்க. பாதைய மாத்தறது என் கையிலயா இருக்கு?" என்றார். என் மகளோ, "அப்பா, மூணு முட்டைக்காக என் வீட்டு அடுப்ப அணைச்சிடாதீங்க" என்றாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை, குழந்தையையும் அனுப்புவதில்லை. ஆகவே தெளிவாக எழுதுகிறேன்: என் மருமகன் மேல் நடவடிக்கை எதுவும் கோரவில்லை. அட்டையை எழுதியவர், அம்பை வரைந்தவர், இரண்டுக்கும் சம்மதித்துக் கையெழுத்திட்டவர் ஆகியோர் மேல்தான் புகார். கையெழுத்து தங்களுடையது.

6. பாதையை உடனே மாற்றுங்கள். பலகையை ரம்பத்தால் சத்தமில்லாமல் அறுத்தெடுத்தால் போதும். சிமென்ட்டை உடைக்க இயந்திரம் அனுப்பிவிட வேண்டாம். தங்கள் அலுவலகத்தின் சுறுசுறுப்பை நான் ஒருமுறை பார்த்துவிட்டேன்.

7. இவை நடக்காவிட்டால், வரும் ஞாயிறு காலை, கூட்டுக்கு வெகு முன்னால், பாதை ஓராள் அகலமாகக் குறுகும் மரப்பாலத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். நிறைந்த பேருந்தின் படிக்கட்டில் நின்றே காலம் கழித்தவன் நான். என்னைத் தாண்டி ஆள் போவது எளிதல்ல. என்னை எழுப்ப என் மருமகனை அனுப்ப வேண்டாம். அவர் சொல்லி நான் எழுந்தால் முட்டைகள் போகும், எழாவிட்டால் அவர் வேலை போகும். இரண்டில் எதையும் அவர் தலையில் கட்டாமல் தாங்களே நேரில் வருமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இடம்: மேற்படி கடைசி வீடு
நாள்: வெள்ளிக்கிழமை

இத்தனைக்குப் பிறகும் வணக்கத்துடன்,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்