கஞ்சிக்குச் சொல்லாத நன்றி

நாவலூர்
ஆகஸ்ட் 2004

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

அன்று வசுமதி அக்காவிடம் நான் நன்றி சொல்லவில்லை. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, பயப்படாதே. கூடுவாஞ்சேரியில் நான் வாடகைக்கு இருந்த அறையின் வீட்டுக்காரியான அந்த அக்காதான் வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தார். சித்தி கொடுத்ததுபோல வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். நம் வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்? சொன்னால், "ஏட்டி, என்னய வேத்தாளாக்கிட்டியே" என்று நீயே கோபித்துக்கொள்வாய்.

பிறகு மேலாளரிடம் போனில் பேசினேன். இன்னும் ஒரு நாள் லீவு கேட்டதற்கு முடியாது என்றார். அவருக்கு வழக்கம்போல, "தேங்க்யூ சார்" என்றேன். அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, ஆபீசுக்காரனுக்கு மட்டும் தேங்க்ஸு தேங்க்ஸுன்னுகினு கீற? கஞ்சி காச்சி ஊத்துனவளுக்கு ஒரு வார்த்த வரல. நான் இன்னா உன் வூட்டு வேலக்காரியா?"

கேட்டு வாங்குகிற நன்றியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களைச் சொந்தமாக நினைத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு அவருக்கென்று முறுக்கு சுட வேண்டாம். எனக்கு ஒரு கனமான போர்வை அனுப்பு, இங்கே விடுதியில் தரை சில்லென்று இருக்கிறது. முடிந்தால் நீ உடுத்திப் பழகிய புடவை ஒன்றையும் சேர்த்து வை. பழைய முகவரிக்கு எழுதாதே. வேலைக்குக் கிளம்ப வேண்டும், முடிக்கிறேன்.

போன சனிக்கிழமை அக்கா அறையைக் காலி செய்யச் சொன்னார். அன்று மாலையே செய்துவிட்டேன்.

காந்திமதி