டிரங்குப் பெட்டியில் வளர்ந்த காராமணி

ஆவடி,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தபின்.

என் அன்புள்ள ஸ்வீட்லின் அப்பாவுக்கு,

மாதாவின் தயவில் இங்கே நானும் உங்கள் மகளும் நன்றாக இருக்கிறோம். அங்கே காட்டுக்குள் கேம்ப்பில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, கொசுவலைக்குள் தூங்கி, சுகமாக இருக்க வேண்டுமென்று இன்று பூசையில் வேண்டிக்கொண்டேன். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு எழுதிய கடிதங்களோடு சரி, பேனா பிடித்தே வெகு காலமாகிவிட்டது. இப்போது என்ன திடீரென்று என்று யோசிப்பீர்கள். என் போன் செத்துவிட்டது. கொன்றவள் உங்கள் மகள். தூண்டிவிட்டவர் அவளுடைய ரோஷினி மிஸ்.

எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு இந்த வருடம் அறிவியல் சொல்லித் தருகிறார்கள். மூக்கு ஒழுகினால் துடைத்துக்கொள்ளத் தெரியாத வயதில் அறிவியல்! எது மிதக்கும், எது மூழ்கும் என்று டப்பில் தண்ணீர் வைத்துப் பார்த்தார்களாம். உங்கள் மகள் வீட்டுக்கு வந்து பக்கெட்டில் உருளைக்கிழங்கைப் போட்டாள், சோப்பு டப்பாவைப் போட்டாள், உங்கள் பழைய ரப்பர் செருப்பைப் போட்டாள், கடைசியில் என் போனையும் போட்டாள். "முழுகும்னு நெனச்சேன், முழுகிடுச்சு" என்று கைதட்டுகிறாள். அப்துல் ரசாக் பாய் கடையில் கொடுத்திருக்கிறேன். பிழைத்தால் அடுத்த வாரம் தருகிறேன் என்கிறார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜெயசீலி அக்கா நல்லவர்தான். "என் போன்ல பேசிக்கோயேன், இன்னா இப்ப?" என்கிறார். ஆனால் நான் சொல்ல நினைப்பதை அவர் அடுப்படியில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நீங்கள் பேசியது நினைவிருக்கிறதா? உங்கள் பக்கம் டவர் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த கொஞ்ச நேரத்தில், ஐஸ் கட்டி எப்படித் தண்ணீரானது, காந்தத்தில் எது ஒட்டியது என்று மகள் சொல்லச் சொல்ல நீங்கள் "அப்புறம், அப்புறம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். போன் என் கைக்கு வந்ததும் என்ன சொன்னீர்கள்? "அந்த மிஸ் ரொம்ப அருமை, அவங்ககிட்ட நீயும் கொஞ்சம் கத்துக்க" என்றீர்கள். லைன் போய்விட்டது. அவ்வளவுதான் என் பங்கு. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பெண்ணைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

அப்படி என்ன பெரிய ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம். புருஷன் ராகவன் ஐ.டி.யில் இருக்கிறார், திருமுல்லைவாயிலில் ஃப்ளாட். தினமும் காலையில் பள்ளிக்கூட கேட் வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விடுகிறார். இறங்கியதும் அவள் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, துப்பட்டாவை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டு, அவள் உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். நான் ஷேர் ஆட்டோவில் பிள்ளையை மடியில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்குகிற நேரமும் அதே நேரம்தான். தினமும் இதை நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பே இல்லை. நான் எதைச் சொன்னாலும், "மிஸ் அப்டி சொல்லல." மிஸ் எதையுமே சொல்வதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. எதைக் கேட்டாலும், "நீ என்ன நினைக்கிறே கண்ணு?" என்று திருப்பிக் கேட்பாளாம். இவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். பாலைக் குடித்தாயா என்றால், "நீ என்னா நெனைக்கிற?" என்கிறாள். முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

சரி, நானும் செய்து காட்டலாம் என்று ஒரு நாள் ஈனோவில் எலுமிச்சம்பழம் பிழிந்து எரிமலை செய்தேன். நுரை பொங்கி வழிந்து, உங்கள் அம்மா கொடுத்த மேசை விரிப்பு பாழ். உங்கள் மகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "மிஸ் செஞ்சா எங்கள நெனச்சுப் பாக்கச் சொல்லிட்டுதான் ஊத்துவாங்க" என்றாள். துடைத்தது நான்தான்.

இனிதான் முக்கியமான விஷயம். ரெண்டு கொட்டாங்குச்சியில் மண் போட்டுக் காராமணி ஊன்றி, ஒன்றை வெளிச்சத்திலும் ஒன்றை இருட்டிலும் வைக்கும்படி எல்லாப் பிள்ளைகளிடமும் மிஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். நம் வீட்டு அலமாரிக்குத்தான் கதவு கிடையாதே. உங்கள் பெயரும் நம்பரும் வெள்ளை பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியை இவள் விடாமல் கேட்டாள். உங்கள் கம்பளி ஸ்வெட்டரையும் பழைய யூனிஃபாரத்தையும் எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்ற அவள் மட்டும்தான் திறக்கலாம், நான் எட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. செடிக்கு வெளிச்சம் வேண்டும், பெட்டிக்குள் இருப்பது செத்துப்போகும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மிஸ்ஸும் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இவள் குளித்துக்கொண்டிருந்தபோது மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சாகவில்லை. ஜன்னலில் இருந்தது விரல் உயரம் இருந்தால், பெட்டிக்குள் இருந்தது ஒரு முழம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மாட்டினாளா மிஸ்! வெளிச்சமே இல்லாமல் இது இவ்வளவு வளர்ந்திருக்கிறது, இப்போது என்ன சொல்வாள், அதுவும் எல்லார் முன்னாலும்? தலைகூடச் சரியாக வாராமல் ரெண்டு கொட்டாங்குச்சியையும் தட்டில் ஏந்திக்கொண்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வாட்ச்மேன் கோதண்டம், "இன்னாம்மா, கோயிலுக்கு முளைப்பாரி எடுத்துகினு போறியா?" என்று கேட்டார். நேரே வகுப்புக்குள் போனேன்.

தட்டை மிஸ்ஸிடம் நீட்டினேன். "உங்க பாடம் தப்பாப் போச்சு மிஸ்" என்றேன். முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "அட, இத்தனை நல்லா வந்திருக்குதுங்களே, வேற யாரோடதும் இப்படி வரலீங்க!" என்று குதிக்காத குறை. பிள்ளைகளையெல்லாம் சுற்றி உட்காரவைத்து நடுவில் ரெண்டையும் வைத்தாள். எது உசரம், எது பச்சை என்று கேட்டாள். அப்போதுதான் நானே கவனித்தேன். என் செடி உயரம்தான், ஆனால் பச்சையே இல்லை. வெளுத்து மஞ்சளாக, நூல் மாதிரி தண்டு. நிற்கத் தெம்பில்லாமல் கொட்டாங்குச்சி விளிம்பில் சாய்ந்து கிடந்தது. உள்ளே வெளிச்சம் இல்லையல்லவா, எங்கேயாவது கிடைக்குமா என்று எட்டி எட்டித்தான் இவ்வளவு நீளம் போயிருக்கிறது, வளர்த்தியெல்லாம் தேடினதில் வந்தது என்று பிள்ளைகளுக்குப் புரிகிறபடி சொன்னாள்.

உடனே உங்கள் மகள் எழுந்து நின்றாள். "எங்கம்மாவும் இப்டித்தான் மிஸ். அப்பா போன் வரணும்னு மொட்டமாடில கைய மேல தூக்கிகினு எக்கி எக்கி நிக்கும்" என்று சொல்லி, விரல் நுனியில் நின்று கையைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளைகள் எல்லாம் எழுந்து அதே மாதிரி எக்கி நின்று சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்தாள். என் கையில் செடியைக் கொடுத்து, "ஜன்னல்ல வையுங்கக்கா, பச்சை வந்திரும். தண்டு மட்டும் இப்படியேதான் இருக்கும், ஒரு குச்சி ஊனிக் கட்டிருங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அக்கா என்கிறாள் என்னை! என் வயதுதான் இருக்கும். அவள்மேல் எனக்கு இன்னும் எரிச்சல்தான். நல்லவளாக வேறு இருக்கிறாளே என்று கூடுதல் எரிச்சல்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. ஸ்வெட்டரை வெயிலில் காயவைத்து மறுபடி பெட்டியில் வைத்துவிட்டேன். உங்கள் வாசம் இன்னும் அதில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஏதோ கலவரம் என்று டி.வி.யில் சொன்னார்கள். நான் சேனலை மாற்றிவிட்டேன். உங்களைக் கேட்டாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வீர்கள்.

போன் சரியாகிவிடும். அடுத்த முறை டவர் கிடைத்தால் ஒரு காரியம் செய்யுங்கள். மகளைக் கேட்காதீர்கள், மிஸ்ஸைக் கேட்காதீர்கள். முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கொஞ்ச நேரம் நான் பேசுகிறேன். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் லைனில் இருங்கள். அப்புறம் அவளிடம் தருகிறேன்.

காராமணி ஜன்னலில்தான் இருக்கிறது. நுனி இலையில் லேசாகப் பச்சை வருகிறது. இப்போதைக்கு ஒரு ஐஸ் குச்சியை ஊன்றி நூலால் கட்டியிருக்கிறேன். அது பத்தாது. லீவு எப்போது கிடைக்கும் என்று கேட்டு எழுதுங்கள்.

மாதா உங்களை ஒரு கீறலும் படாமல் காத்து என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

எக்கி நிற்கும் உங்கள்,
ரெனிதா