கட்டிலுக்கடியில் இருந்த மணல் பொதி

ரிஜோ அப்பா,

சோறும் சாளைக் கறியும் மூடி வச்சிருக்கேன்.

கட்டிலுக்கடியில நீங்க கண்ட மணல் பொதி ரெண்டும் செய்வினை இல்ல. நான்தான் பழைய சேலையில தச்சேன். தீட்டு நின்ன பிறகு எலும்பு தேயும், பாரம் தூக்கிப் பழகணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. இந்த வயசுல எக்சர்சைஸான்னு நீங்க சிரிப்பீங்கன்னு ஒளிச்சேன்.

காலையில பக்கத்து வீட்டு செலினை நீங்க சூனியக்காரின்னு ஏசும்போ, நான் வாயைத் தொறக்காம நின்னேன். நாணக்கேடா இருக்கு. உண்மையைச் சொல்ல இப்ப அவ வீட்டுக்குத்தான் போறேன்.

வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தா காப்பி குடுங்க. விஷயத்தை நீங்களே சொல்லிருங்க.

ஸ்டெல்லா

பொதியைக் கடல்ல எறிஞ்சிராதீங்க. சாயங்காலம் உங்க முன்னாலயே தூக்குவேன். சிரிக்கணும்னா சிரிங்க. செலின் அழுததைப் பாத்துக்கிட்டு நின்னதுக்கு அது எனக்கு வேணும்.