ஏரிக்குள் நட்ட கொல்லைப் பொம்மை

நல்லம்பள்ளி,
2.3.1986

அன்பு மகன் சவரிராயனுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். பிலாயில் நீயும் மருமகளும் பேத்தியும் நலமாயிருக்க ஆண்டவர் துணையிருக்கட்டும்.

மழை நன்றாகப் பெய்து நம் ஏரி நிறைந்து, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. யாரும் கல்லெறியாமல், மரம் வெட்டாமல் பார்த்துக்கொள்ள, கோயில் இளைஞர்களும் என்னைப் போல வேலை ஓய்ந்தவர்களும் முறை போட்டுக் காவல் இருக்கிறோம். காவல் என்று பேர், பாதி நேரம் வேடிக்கைதான். ஆண் நாரை குச்சி கொண்டுவந்து நீட்டும், பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும், உன் அப்பா வாங்கி வரும் கத்தரிக்காயை நான் பார்ப்பேனே, அப்படி.

போன மாதம் காக்கைகள் முட்டையைத் தூக்க ஆரம்பித்தன. நஞ்சப்பன் காலமெல்லாம் சோளக்கொல்லை காத்தவர். "இதுக்கு ஏன் டீச்சரம்மா கவலப்படறீங்க, ஒரு பொம்மய நட்டா போவுதுங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். வைக்கோல் பொம்மைக்கு உன் பழைய சிவப்புச் சட்டையைக் கொடுத்தேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நட்டார்கள். காக்கைகள் அசையவில்லை, நாரைகள் மொத்தமும் எழும்பிப் போய்விட்டன! பறவையை விரட்டியே பழகிய ஊர், இது ஒருவருக்கும் தோன்றவில்லை பார். "டீச்சர் மவன் ஊருல இல்லாமயே இத்தினி பட்சிய ஓட்டிட்டானே" என்று காவலுக்கு வந்திருந்த தீர்த்தம்மாள் சிரித்தாள். ஆனால் தாய் வந்து உட்காராவிட்டால் அத்தனையும் கூமுட்டையாகிவிடும். பொம்மையைப் பிடுங்கியும் ஒன்றும் திரும்பவில்லை. நஞ்சப்பன் கரையில் நின்று வா வா என்று கெஞ்சுகிறார். ஒண்ணாம் வகுப்பில் புதுப்பிள்ளை அழும்போது ஆத்தா சன்னலில் நின்றால் அழுகை நிற்குமா, அவள் மறைந்தால்தானே அடங்கும், நாமும் மறைவோம் என்று சொல்லி எல்லோரையும் புளியமரத்துக்குப் பின்னால் கூட்டிப் போனேன். காக்கைகள் இரண்டு கூட்டைக் காலி செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது லேசா? பொழுது சாயும்போது ஒரு நாரை இறங்கியது. கூட்டின் விளிம்பில் நின்று சுற்றும் பார்த்து, முட்டைகளை அலகால் புரட்டி, மெல்ல உட்கார்ந்தது. கூவப் போன நஞ்சப்பன் துண்டால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார், கண்ணில் தண்ணீர். பிறகு ஒவ்வொன்றாய் மற்றவையும் வந்தன.

இப்போது கூட்டுக்குக் கூடு குஞ்சுகள். அவை போடும் இரைச்சலில் கரையில் நின்று பேச முடியவில்லை. ஈஸ்டர் பாஸ்கா லீவுக்குக் கட்டாயம் வா, அதற்குள் பறந்துவிடாது. ரயிலில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே. மருமகளை இருமலுக்கு மிளகுப் பால் குடிக்கச் சொல். தேவமாதா உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். பேத்தியை மட்டும் இப்போதிருந்தே பழக்கு, ஏரிக்கரையில் எவ்வளவு சந்தோஷம் வந்தாலும் கை தட்டக் கூடாது.

உன் அம்மா,
லூர்தம்மாள்