ஆரோவோடு இருபது நிமிடம்

ஜூன் 3, 1985. திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வந்துவிடும் என்று மாங்காய் லாரிக்காரர்கள் அவசரப்பட்டார்கள். வரவில்லை.

ஆர்டர் வந்துவிட்டது. இடைநிலை ஆசிரியை. பென்னாகரம் தாண்டி ஒரு மலை ஊர். பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான், அங்கேயே தங்க வேண்டும். 17-ம் தேதி திங்கள் காலை பத்து மணிக்குள் சேரணும், இல்லாவிட்டால் ரத்து. வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்தபோது இருபது வயது. இப்போது இருபத்தேழு.

அப்பா கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். "வேல வந்தா போவணும்ல பாப்பா" என்றார். உடனே மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான், இனி இதைப் பற்றி அவர் வாயைத் திறக்க மாட்டார்.

அம்மா களி கிண்டிக்கொண்டே தம்பியைப் பற்றிக் கேட்டது ஒன்றுதான். "நீ போயிட்டா ஆரோவ யாரு ஒக்கார வெக்கறது?"

எனக்கும் தெரியாது. சாப்பிடாமல் எழுந்தேன்.

ஜூன் 4. செவ்வாய்

மேகம். கா. 5.50க்கு உட்கார்ந்தோம். 20 நி.

நான் போனால் வேறு யாராவது செய்தாக வேண்டும். அதனால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

ஆரோக்கியம், என் தம்பி, வயது 22. ஒன்பது வயதில் பெங்களூருக்குக் கூட்டிப்போனபோது பெரிய டாக்டர் ஒரு சீட்டில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். தர்மபுரி டாக்டர் அந்தச் சீட்டைப் படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். ஊரில் அவரவர் வாய்க்கு வந்த பெயர்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத் தியானத்துக்கு வந்த வெளியூர் சாமியார், கோயிலில் எல்லோரையும் உட்கார வைத்துக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பாதிப் பேர் தூங்கினார்கள். ஆரோ கண்ணை மூடிய அடுத்த நொடி அலறினான். கண்ணை மூடினால் அவனுக்குச் சத்தமெல்லாம் பெரிதாகிவிடும் போல. பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் முறைத்த முறைப்பில் எனக்கு வீம்பு வந்துவிட்டது. மறுநாள் வீட்டில் கோரைப்பாயை விரித்து, கண் திறந்தே இருக்கட்டும் என்று அவன் எதிரே நானும் உட்கார்ந்தேன். முதல் நாள் இரண்டு நிமிடம். ஈஸ்டர் கழிந்து ஒரு மாதத்தில் இருபது.

முறை:
- அதே பாய், அதே மூலை. சுவரோரம் அவன்.
- கண் மூடச் சொல்லக் கூடாது. பேசக் கூடாது.
- மெதுவாக மூச்சு விட வேண்டும்.
- முடிந்ததும் இடது தோளைத் தொட்டு "போதும்" என்று சொல்லணும். அவனும் "போதும்" என்பான். எழலாம்.

மாறியது: சுவரில் தலை முட்டுவது அறவே நின்றது. மணிக்கட்டைக் கடிப்பது வாரத்துக்கு ஒன்று, முன்பு கணக்கே இல்லை. முடிவெட்ட உட்காருகிறான். உட்கார்ந்து எழுந்த பிறகு ஒரு மணி நேரம் முகத்தில் இறுக்கம் இருப்பதில்லை.

மாறாதது: கோயில் மணி, பஸ் ஆரன், புதுச் சட்டை. பேச்சு. யாராவது சொன்ன கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வான், தானாக ஒன்றும் சொல்ல மாட்டான். சோடா மூடிகளை வரிசையாக அடுக்குவதும் மாறவில்லை. அது ஏன் மாற வேண்டும்?

ஜூன் 5. புதன்

இன்று பயந்துவிட்டேன்.

காலை உட்கார்ந்திருக்கும்போது 17-ம் தேதி நினைப்பு. எனக்குக் கவலை வந்தால் மூச்சு நின்றுவிடும், சின்ன வயதுப் பழக்கம். நிமிர்ந்து பார்த்தால் ஆரோ முகம் சிவந்திருக்கிறது. அவனும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான். நான் விட்டேன், அவனும் விட்டான். வேண்டுமென்றே இரண்டு தடவை சீக்கிரமாக இழுத்தேன். அவனும்.

இரண்டு மாதமாக அவன் கவனித்துக்கொண்டிருந்தது என் மூச்சை. என் கழுத்துக் குழியைத்தான் பார்த்திருக்கிறான். நான் என்னவோ பெரிதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று பூரித்துப்போயிருந்தேன்.

சந்தோஷப்படணுமா? பட முடியவில்லை. கயிற்றின் ஒரு முனை என் கழுத்தில் என்று இன்றுதான் தெரிந்தது.

உளுந்து ஊற வைக்க மறந்தேன். அம்மாவிடம் திட்டு.

ஜூன் 6. வியாழன்

அம்மாவை எதிரே உட்கார வைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு இளைப்பு. ஐந்தாவது நிமிடத்தில் ஆரோவும் அதேபோல இழுக்க ஆரம்பித்துவிட்டான், நெஞ்சில் சீட்டி ஒன்றுதான் பாக்கி. அம்மா எழுந்துவிட்டாள். மாலை அப்பா. மூன்றாவது நிமிடம் பீடிக்குக் கை சட்டைப்பையைத் தேடியது, ஆரோ கையும் தன் சட்டைப்பையைத் தேடியது. சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

யோசனை: நாளையிலிருந்து தினமும் காலையும் மாலையும் ஒரு முழம் தள்ளி உட்காருவேன். அவனுக்கே தெரியாமல்.

ஜூன் 8. சனி

இரண்டு பகல் தூறல். ஓடு ஒழுகுகிறது, பாய்க்கு நேரே இல்லை, நல்லவேளை.

நான்கு முழம் தள்ளிவிட்டேன். நேற்று மாலை ஒரு முறை முனகினான், பிறகு சரி. பிலோமினா அக்கா, பக்கத்து வீடு, எட்டிப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, தம்பிகிட்ட கோவமா, அவ்ளோ தூரத்துல?" என்றார். இப்போதே டீச்சரம்மா. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 10. திங்கள்

நேற்று கதவோரம். இன்று காலை கதவுக்கு வெளியே, பாதி முகம் தெரிகிற மாதிரி. மாலை முழுக்கச் சுவருக்குப் பின்னால். சன்னல் இடுக்கில் பார்த்தேன். அவன் மூச்சு அவனுடைய வேகத்தில். என்னுடையதைவிட மெதுவாக. நெஞ்சு ஏறி இறங்குவது அவ்வளவு அழகு.

20 நி. ஆனதும் உள்ளே போய்த் தோளைத் தொட்டேன். போதும். போதும்.

பாட்டு வந்தது வாயில். நாளை தர்மபுரியில் மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 11. செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை 8 மணிக்கு அவனைப் பாயில் உட்கார வைத்தேன். மூச்சு சீரானதும் நழுவி பஸ் ஏறிவிட்டேன். அம்மாவிடம் இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவான் என்று சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் கூட்டம். திரும்பி வர மணி ஒன்றே கால்.

வாசலில் பிலோமினா அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும். அம்மா முகத்தில் நான் பார்த்தே இராத ஒரு பெருமை. "சத்தம் போடாத வா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "சாமியாருங்ககூட இப்பிடி ஒக்கார மாட்டாங்க. காலையில ஒக்காந்தவன்."

அதே இடம். ஐந்தே கால் மணி நேரம். பக்கத்தில் களித்தட்டு, ஈ. பாய் நனைந்து நாறியது. உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அது என்னிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

யாரும் போதும் என்று சொல்லவில்லை. அதனால் அவன் எழவில்லை.

தோளைத் தொட்டுச் சொன்னேன். எழப் பார்த்து, கால் மரத்துப் பக்கவாட்டில் சாய்ந்தான். பிறகு மணிக்கட்டைக் கடித்தான், ரத்தம் வருகிற வரை. அந்தப் பெண்கள் போய்விட்டார்கள்.

அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம். அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. "இருவத்திரண்டு வருசத்துல இன்னிக்கு ஒரு நாளு நான் பதறாம சோறாக்குனேன். அவன் சுகமா இருக்கறான்னுதான நெனச்சேன். அது தப்பா?"

தப்பு அம்மாவுடையது இல்லை. முறை என்று நான்தான் எழுதியிருக்கிறேன், நான்காவது வரியில். இரண்டு நாள் கதவோரமும் சுவருக்குப் பின்னாலும் நின்றுவிட்டு இருபதாம் நிமிடம் நான்தான் ஓடி ஓடிப் போய்த் தொட்டிருக்கிறேன். எனக்கே உறைக்கவில்லை.

ஜூன் 12. புதன்

பாயைக் கழுவிக் காயப் போட்டேன். காலை மாலை இரண்டும் கிடையாது. ஆரோ மூலையில் நின்று வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அமைதி, அமைதி என்று ஊரே மெச்சியது. அது யாருக்கு அமைதி? அவன் சத்தம் போடாமல் இருந்தால் எங்களுக்குச் சௌகரியம். உள்ளே அவன் மாட்டிக்கொண்டு கிடந்தது வெளியே தவம் மாதிரி தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

வேலையில் சேர இயலாது என்று ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கையெழுத்து. உறையில் போட்டேன். ஸ்டாம்பு ஒட்டவில்லை.

இந்த வீட்டைவிட்டுப் போக முடியாது என்னால். அவனாலும் முடியாது. ஒரே பாய்.

ஜூன் 13. வியாழன்

அந்தோணியார் திருநாள். கோயிலில் வேட்டு.

முதல் வேட்டுக்கு ஆரோ காதைப் பொத்திக்கொண்டு வீட்டைச் சுற்றினான். இரண்டாவதுக்கு ஓடிப்போய்க் கொடியிலிருந்த பாயை இழுத்தான், மூலையில் விரித்தான், உட்கார்ந்தான். யாரும் சொல்லவில்லை. நான் எதிரே இல்லை. மெதுவாக மூச்சு விட ஆரம்பித்தான். மூன்றாவது வேட்டுக்குத் தோள் மட்டும் குலுங்கியது.

அப்படியானால் அது அவனுடையதுதான். பிடுங்க எனக்கு உரிமை இல்லை. உள்ளே போகத் தெரிந்துகொண்டான். வெளியே வரத் தெரிய வேண்டும்.

டைம்பீஸில் அலாரம் வைத்துப் பார்த்தேன். அடித்ததும் அதைக் கிணற்றில் போட்டான். அது அப்பா கல்யாணத்துக்கு வந்தது.

ஜூன் 14. வெள்ளி

புது வழி. நான் அவன் தோளைத் தொடுவதில்லை. அவன் வலது கையை எடுத்து அவன் இடது தோளில் வைக்கிறேன். "போதும்." அவன் "போதும்." எழுகிறோம். உடனே மறுபடி உட்கார்தல். இரண்டு நிமிடம், கை, போதும், எழு. ஐந்து நிமிடம், கை, போதும், எழு. இன்று முப்பத்தொரு தடவை. என் முட்டி போயிற்று.

அம்மா தூணோரம் நின்று பார்த்தாள். "இன்னும் மூணு நாளுல வருமா இதெல்லாம்?" குரலில் வரக் கூடாது என்ற ஆசை இருந்ததா? இருந்தது. எனக்குள்ளேயும் கொஞ்சம் இருக்கிறது. வராவிட்டால் போக வேண்டாம். பயப்பட வேண்டாம். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

ஜூன் 15. சனி

முப்பத்தெட்டு தடவை. நான் கையை எடுத்து வைத்தால்தான் உண்டு. காத்திருந்தால் அவனும் காத்திருக்கிறான். பதினோரு நிமிடம் காத்தேன், தாங்கவில்லை, நானே கையை வைத்துவிட்டேன்.

மாலை கடிதத்துக்கு ஸ்டாம்பு ஒட்டினேன். இன்று தபால் எடுத்தாயிற்று, நாளை ஞாயிறு. திங்கள்தான் போகும்.

பேன் சீப்பு எங்கே என்று தெரியவில்லை.

ஜூன் 16. ஞாயிறு

பூசைக்கு ஆரோவைக் கூட்டிப்போகவில்லை. பிலோமினா அக்கா, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். நல்ல வெயில், காற்று இல்லை.

காலையில் பதினான்கு தடவை. ஒன்றும் இல்லை.

மா. 5.30. கடைசியாக ஒரு தடவை. உட்கார வைத்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் போனேன். அம்மாவிடம் யாரும் தொடக் கூடாது, பேசக் கூடாது என்றேன். அம்மா என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டாள், சன்னல் இடுக்கில் ஒரு கண் அவளுக்கு, ஒரு கண் எனக்கு. இருபது ஆயிற்று. இருபத்தைந்து. முப்பது. முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அவன் நெற்றி சுருங்கியது. வாசலைப் பார்த்தான். போய்விடலாம் என்று ஒரு காலை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாதான் பிடித்தாள்.

முப்பத்து நாலாவது நிமிடம். ஆரோவின் வலது கை மடியிலிருந்து எழுந்தது, பாதியில் நின்றது, பிறகு போய் இடது தோளில் உட்கார்ந்தது. சுற்றிலும் யாரும் பேசவில்லை. கடைசிச் சொல் என்று ஒன்று அங்கே இல்லை.

"போதும்" என்றான்.

எழுந்தான். பாயைச் சுருட்டினான், கோணலாக. சோடா மூடிகளிடம் போய்விட்டான்.

ஒரே ஒரு தடவைதான். நாளைக்கும் வருமா என்று யாருக்குத் தெரியும். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வழிக்குக் கட்டுச்சோறா, இட்லியா?" என்று கேட்டாள். இட்லி என்றேன்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். ஒரே தூசி. ஆரோ வந்து பார்த்தான், மூடியைத் திறந்தான், மூடினான், போய்விட்டான். பெட்டிக்கு எதிரே உட்கார்ந்த என்னால்தான் எழ முடியவில்லை. ரொம்ப நேரம்.

கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

சேலை 5. சான்றிதழ் உறை. டார்ச். சோப்பு. பேன் சீப்பு (கிடைத்துவிட்டது). பாய் வேண்டாம்.

பஸ் 5.40.