நிழல் விழுந்த படம்

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் முனகிக்கொண்டிருக்கிறது. நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, போனில் நீ நல்லா இருக்கேன் என்று சொல்லும் விதமே நன்றாக இல்லை.

மொட்டை மாடியில் நான் துணி காயப்போடும் அந்தப் படத்தைப் புகைப்படப் போட்டியில் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்களாம், எடுத்தவளின் நிழல் விழுந்து படத்தைக் கெடுத்துவிட்டது என்று நடுவர் சொன்னாராம், இனி கேமராவைத் தொடவே மாட்டேன் என்று அக்காவிடம் அழுதாயாம். அதிலிருந்து உன்னிடமிருந்து ஒரு படமும் வரவில்லை. உன் ஜன்னல், பஸ்ஸில் தூங்கி வழிகிறவர், நீ கழுவாமல் போட்ட தட்டு என்று ஏதாவது அனுப்புவாய், அதை வைத்துத்தான் நீ சாப்பிட்டாயா என்று தெரிந்துகொள்வேன். இப்போதும் போன் சத்தம் கேட்டால் ஈரக்கையோடு ஓடுகிறேன், பார்த்தால் ஏதோ விளம்பரம். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லையடி.

இதற்கு நடுவில் உன் அப்பா செய்த கூத்தைக் கேள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று பெரிதாக்கி வாங்கி வந்தவர், நடுவர் சும்மாவா சொல்வார் என்று என் தையல் கத்தரியை எடுத்து உன் நிழலை நறுக்கிவிட்டார். துணிக் கத்தரியால் காகிதம் வெட்டியதே பாவம். கேட்டால், "இப்ப பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு, பொண்ணு பார்த்தா சந்தோஷப்படுவா" என்கிறார். உனக்காகத்தான் செய்தார், ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

என் தையல் கடையில் நான் கேட்காத குறையா. அக்குள் பிடிக்கிறது என்றால் பிரித்துத் தைப்பேன். "என்னவோ மனசுக்குப் பிடிக்கலக்கா" என்றால் எதைப் பிரிப்பது, டீயைக் குடித்துவிட்டு அடுத்த துணியை எடுப்பேன். நடுவர் சொன்னது இதில் எந்த வகை என்று உனக்குத்தான் தெரியும். பக்கத்துக் கடைக்காரர் படத்தில் துணிதான் அதிகம் என்கிறார், உன் அக்கா நான் குண்டாகத் தெரிகிறேன் என்கிறாள். ஆளுக்கொரு கண். அதற்காகக் கேமராவை மூட்டை கட்டுவாயா?

அப்பா வெட்டிப்போட்ட நிழல் துண்டைக் குப்பையிலிருந்து எடுத்து மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். சாயங்கால வெயிலில் நீண்டு, முழங்கை இரண்டும் துருத்திக்கொண்டு, உன் தலை என் காலடிக்கே வந்திருக்கிறது. வெட்டியதில் என் கால் விரல்களும் உன்னோடு வந்துவிட்டன. நீ எடுத்த இத்தனை படங்களில் நீ இருப்பது அது ஒன்றில்தான்.

ஈரத்தலையோடு வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். போட்டிக்கு எடுக்கும்போது எப்படி வேண்டுமானாலும் நின்று எடு. எனக்கு எடுக்கும்போது மட்டும் வெயில் உன் முதுகில் படும்படி நின்றுகொள், நிழல் விழட்டும்.

போனைப் பார்த்தபடி இருக்கும்,
உன் அம்மா