சந்தை திறக்கும் நேரத்தில் அதிரும் போன்

இன்னும் எனக்குள் கதைத்துக்கொண்டிருக்கும் அண்ணா,

நீங்கள் போன பிறகும் அம்மா உங்கள் போனை அணைக்கவில்லை. ஹென்டர்சன் புறநகரில் எங்கள் வீட்டில், உங்கள் படத்துக்கு முன்னால், சார்ஜரோடு கிடக்கிறது. மத்தியானம் அம்மா உங்களுக்குச் சோறு படைப்பா. கொஞ்ச நேரத்தில் போன் அதிரும். "பார், தம்பி சாப்பிட்டிட்டான்" என்பா. மகன் உங்களை அவ எப்போதும் தம்பி என்றுதானே கூப்பிடுவா. அதற்குப் பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம்.

அது ஆஸ்திரேலியப் பங்குச்சந்தை திறக்கிற நேரம், அங்கே காலை, இங்கே மத்தியானம், அதிர்வது சந்தைத் தகவல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

போனைத் திறந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. பெரிய கம்பனிகளின் பங்கு விலைகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் அது குறியீடு. அந்த எண் ஏறும் என்று நம்பி நீங்கள் பியூச்சர்ஸ் ஒப்பந்தம் வாங்கியிருந்தீர்கள். கையில் ஒரு பங்கும் இல்லை. முழு விலையும் கட்டவில்லை. மார்ஜின் என்று ஒரு சிறு பகுதியைப் பிணையாக வைத்திருந்தீர்கள். எண் ஏறினால் அன்றன்றே வித்தியாசம் உங்கள் கணக்கில் சேரும். இறங்கினால் கழியும், பிணையைத் தாண்டியும் கழியலாம். முடிவுத் தேதி வரும்வரை, அல்லது யாராவது விற்று முடிக்கும்வரை, அது உயிரோடு இருக்கும்.

நீங்கள் இறந்தது அதற்குத் தெரியாது, அண்ணா. தினமும் வென்றீர்கள், தோற்றீர்கள். எண் நன்றாக ஏறிய ஒரு நாள் அம்மா, "இண்டைக்குத் தம்பிக்கு நல்ல பசி போல" என்றா. அவவுக்கு எப்படித் தெரிந்தது?

பிறகு எண் இறங்கத் தொடங்கியது. இன்னும் மார்ஜின் கட்டச் சொல்லித் தகவல் வந்தது. நீங்கள் பிணையாக வைத்தது மோர்ட்கேஜுக்கென்று, வீட்டுக்கடன் தவணை கட்ட, அம்மா தந்த காசு. வீடு போய்விடும் என்று பயந்தேன். தெருமுனைக் கடையான டெய்ரியில் பால் வாங்கவே வாய் திறக்காத நான் புரோக்கருக்குப் போன் எடுத்து, அண்ணா இறந்துவிட்டார் என்றேன். மரணச் சான்றிதழ் கேட்டார்கள். அனுப்பினேன். நேற்று விற்று முடித்தார்கள். மிஞ்சிய காசு மோர்ட்கேஜ் தவணைக்குப் போதும்.

இன்றைக்குப் போன் அதிரவில்லை. சோறு ஆறியது. அம்மா தன் தட்டைத் தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவ வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப, தம்பி செத்திட்டான் எண்டு அவங்களுக்குச் சொன்னது நீயோ?"

"ஓம், அம்மா."

 பிறகு உங்கள் தட்டிலிருந்து சோற்றை உருட்டி என் வாயில் வைத்தா. நான் விழுங்கினேன். அவ முகம் தெளிந்தது.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ, தம்பி?"

நான் ஓம் என்றேன். அதன் பிறகுதான் அவ சாப்பிட்டா. அவ சாப்பிடவேண்டும் என்றால் நாளைக்கும் ஓம் என்பேன், அண்ணா, உங்கள் பெயருக்கு.

உங்களுக்குப் பிறகு பிறந்த,
உங்கள் தங்கச்சி